சுகர் 168, ஆனாலும் வீட்டுக்கு அனுப்பவில்லை

கேஷுவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். அடுத்த வாரம் நான் எம்.டி. படிக்கக் கிளம்புகிறேன். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு என்னடா ரிட்டயர்மென்ட் உரை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். பசுமலைப் பக்கம் ஹைவே ஓரத்து ஆஸ்பத்திரியில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையும் ஜல்லிக்கட்டு சீசனையும் கேஷுவாலிட்டிக் கதவுக்கு உள்ளேயிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தவன் சீனியர்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஊசி எங்கே இருக்கிறது, எந்த மானிட்டர் பொய் சொல்லும், எந்த ஸ்ட்ரெச்சரின் சக்கரம் இழுக்கும் என்பதையெல்லாம் சிஸ்டர்கள் சொல்லித் தருவார்கள். மரியாதையாகக் கேட்டால். நான் ஒரே ஒரு கேஸைச் சொல்கிறேன். என் சர்வீஸில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் கேஸ் அது. தற்பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இருக்கட்டும்.

போன வருடம் கந்த சஷ்டி. திருப்பரங்குன்றத்தில் கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் பழம் சாப்பிடுவார்கள். சிலர் ஒரு டம்ளர் பாலோடு சரி. அந்த வாரம் முழுக்க நம் கேஷுவாலிட்டியின் வாசனையே மாறிவிடும். கிட்டே போய்ப் பேசினால் அளவுக்கு மீறிப் பழுத்த பழம் மாதிரி, நெய்ல் பாலிஷ் அழிக்கும் திரவம் மாதிரி ஒரு வாடை. தலை சுற்றுகிறது என்று வருகிற பத்துப் பேரில் யாருக்கு யூரின் பார்த்தாலும் கீட்டோன் பிளஸ் என்று வரும். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே இல்லை. உப்புத் தண்ணீரும் நிழலும் போதும்.

இதில் பயப்பட எதுவுமில்லை, சொல்லப்போனால் நம் உடம்பைப் பார்த்துக் கர்வப்பட வேண்டிய இடமே இதுதான். சாப்பாடு நின்றதும் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரை ஒரு நாள் தாங்கும். பிறகு உடம்பு கொழுப்பில் கை வைக்கும். ஆனால் மூளை ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரன், கொழுப்பை அப்படியே கொடுத்தால் தொடாது. அதனால் கல்லீரல் அந்தக் கொழுப்பை உடைத்து, கீட்டோன் என்கிற சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் அனுப்பும். மூளை அதை வாங்கி எரிக்கும், இதயமும் எரிக்கும், தசையும் எரிக்கும். சமைத்த கல்லீரல் மட்டும் அதில் ஒரு கவளம்கூடச் சாப்பிடாது. சாப்பிட அதனால் முடியாது, அதற்கான என்சைம் அதனிடம் இல்லை. எந்த இன்ஜினியரும் வரையாத டிசைன்.

சரி, கேஸுக்கு வருகிறேன்.

சூரசம்ஹாரத்தன்று முற்பகல். ஒரு அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஊர் விளாங்குடி. கல்யாணம், காதுகுத்து என்றால் ஆயிரம் இலைக்குச் சமைத்துப் போடும் காண்ட்ராக்ட்காரர். இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. விடியற்காலையிலிருந்து வாந்தி, மேல்வயிற்று வலி. கூடவே மகன். முப்பத்தைந்து வயது ஆள், நெற்றி நிறைய விபூதி, குரல் மட்டும் ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"தம்பி, அம்மாவுக்கு அல்சர். வெறும் வயித்தோட கெடக்குல்ல, அதான். வயித்துக் கேஸுக்கு ஒரு ஊசி போட்டு ஒரு பாட்டில் ஏத்தி விட்ருங்க. சாயந்தரம் சூரசம்ஹாரம், அதுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்."

"பாத்துட்டுச் சொல்றேண்ணே."

"பாக்க என்ன இருக்கு? நான் டேசன் பக்கம் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். நமக்குத் தெரியாததா? சுகர் இருக்கு, ஆனா கன்ட்ரோல். வேணும்னா குத்திப் பாருங்க."

சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தார். 168. மகனின் முகத்தில் பிள்ளை ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கியது போல ஒரு பிரகாசம்.

"பாத்தீகளா? அம்புட்டுத்தான். எங்கம்மா சுகரை என் கைக்குள்ள வச்சிருக்கேன்."

யூரின் ஸ்ட்ரிப்பில் கீட்டோன் கட்டம் அடர் ஊதாவாகிவிட்டது. நான் அதைக் காட்டியதும் சிஸ்டர் தோளைக் குலுக்கினார்.

"சஷ்டி வாரம் சார். எனக்கு டெஸ்ட் பண்ணாலும் பிளஸ்தான் வரும். நானும் விரதம்ல."

அவர் சொன்னது நியாயம். பிரஷர் கொஞ்சம் குறைவு, நாடி வேகம், வாந்தி எடுத்தவருக்கு அதெல்லாம் இருக்கும். ஆக்ஸிஜன் 99. சர்க்கரையும் பயமுறுத்தவில்லை. வெளியே விபத்தில் கால் முறிந்த ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். கேஸ் ஊசியும் ஒரு பாட்டிலும் போட்டு அனுப்பினால் மகனுக்கும் சந்தோஷம், எனக்கும் ஒரு கட்டில் காலி. எழுதுவதற்குப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது அந்த அம்மா மகனை அதட்டினார்.

"டேய்... கத்தாதடா. டாக்டர் தம்பி... சின்னப் பய... பயந்துரப் போகுது."

என்னைச் சின்னப் பயல் என்றது காதில் விழுந்தது. அதைவிட, அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுவில் அவர் இரண்டு முறை மூச்சு வாங்கியது கண்ணில் பட்டது. பேனாவை மூடினேன்.

இந்த இடத்தை நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். படுத்திருக்கும் ஒரு மனுஷி, ஓடிவந்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறாள். ஸ்டெத் வைத்தேன். நெஞ்சு பளிங்கு. இழுப்பு இல்லை, சளி இல்லை. ஆக்ஸிஜனும் குறையவில்லை. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லையென்றால் அது எதற்காக இப்படி ஓடுகிறது? உள்ளே எதையோ வெளியேற்றப் பார்க்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் நுரையீரல்தான் கார்பன் டை ஆக்ஸைடை ஊதி ஊதித் தள்ளி முட்டுக்கொடுக்கும். விரதம் இருக்கும் சிஸ்டருக்கும் கீட்டோன் பிளஸ்தான், ஆனால் அவர் நாலு கட்டிலுக்கும் நடந்துகொண்டே என்னைக் கிண்டல் செய்கிறார், மூச்சு வாங்கவில்லை.

"அண்ணே, விரதத்துல அம்மா என்னென்ன மாத்திரை போட்டாங்க?"

மகன் நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பிடித்த பாடத்தில் கேள்வி.

"எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வச்சிருக்கேன் தம்பி. சாப்பிடாம இருக்கைல சுகர் தடால்னு எறங்கிரக் கூடாதுல்ல? அதுக்காக மத்த மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் விடல. சுகரை யூரின்ல எறக்குமே, 'ஃப்ளோசின்'னு முடியுமே, அது. அதுதான் லோ சுகர் பண்ணாது. சேஃப்."

அம்மாவும் சேர்ந்துகொண்டார். "மாத்திரை... சாப்பாட்டுக் கணக்குல... வராதுல்ல தம்பி. ஒரு நாளும்... விட்டதில்ல."

அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே சாப்பாடும் போகவில்லை. உடம்பு சர்க்கரைப் பஞ்சம் என்று முடிவு செய்து இன்சுலினைக் குறைத்துவிட்டது. மற்ற மாத்திரைகளும் இல்லை. கல்லீரல் கொழுப்பை வாங்கி வாங்கிக் கீட்டோனாக்கித் தள்ளுகிறது, நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. கீட்டோன் மூன்று வகை என்றால் அதில் இரண்டு அமிலம். சர்க்கரை நோயாளியின் ரத்தம் இப்படிக் கீட்டோனால் அமிலமாவதுதான் டிகேஏ. டிகேஏ என்றால் சுகர் நானூறு, ஐநூறு என்றுதான் நாமெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதே டிகேஏ 168 என்ற சாதுவான முகமூடியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் படுத்திருந்தது.

காப்பு இடது கையில் இருந்ததால் வலது மணிக்கட்டில் தமனி ரத்தம் எடுத்து ஐ.சி.யூ. மெஷினுக்கு அனுப்பினேன். ரிசல்ட் வந்தது. பி.எச். ஏழு புள்ளி ஒன்று. ரத்தத்தில் அது ஏழு புள்ளி நாலை ஒட்டி இருக்க வேண்டும், குறையக் குறைய அமிலம். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டுக் கிண்டலை நிறுத்தினார். நான் கேட்காமலேயே இரண்டாவது ட்ரிப் லைன் போட ஆரம்பித்தார்.

நம் சீஃபைப் பற்றி நீங்களும் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். நம் ஆஸ்பத்திரியின் மூத்த பிசிஷியன், போனில் ஹலோ சொல்லாத மனிதர். அன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கம் கேம்ப் போயிருந்தார்.

"சொல்லு."

"சார், சஷ்டி விரதம், வாந்தி, மூச்சு வேகமா இருக்கு. பி.எச். 7.1. டிகேஏன்னு நெனைக்கிறேன்."

"சுகர்?"

"168 சார்."

"168-ல எங்கடா டிகேஏ? விரதம் இருந்தா எல்லாருக்கும் கீட்டோன் வரும்."

"வெறும் விரதத்துல பி.எச். இவ்வளவு எறங்காது சார். ஃப்ளோசின் மாத்திரைய விரதத்துலயும் விடாம போட்ருக்காங்க."

அந்தப் பக்கம் டிரைவரிடம் ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லும் குரல்.

"ட்ரீட்மென்ட் தெரியும்ல?"

"தெரியும் சார். ஃப்ளூயிட், பொட்டாசியம் பாத்துட்டு இன்சுலின், கூடவே டெக்ஸ்ட்ரோஸ்."

"அப்புறம் எதுக்குடா எங்கிட்ட பேசிக்கிட்டு இருக்க? ஆரம்பி."

போன் கட். அந்த 'ஆரம்பி'யை நான் ஃபிரேம் போட்டு மாட்டாததுதான் குறை.

உண்மையான சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. பொட்டாசியம் ரிசல்ட் கையில் வந்ததும் ஒரு லைனுக்கு இன்சுலினைத் தயார் செய்துவிட்டு, இன்னொன்றில் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டேன். மகன் அதன் லேபிளைப் படித்துவிட்டார். மெடிக்கல் ஷாப்காரரிடம் லேபிளை மறைக்க முடியுமா?

"யோவ் தம்பி, என்னய்யா இது? சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரைத் தண்ணியா? எங்கய்யா படிச்ச?"

"காலேஜ் பேரைச் சொல்றேண்ணே, மொதல்ல ஸ்டாண்டைவிட்டுக் கைய எடுங்க."

"ஒரு லைன்ல சர்க்கரை, இன்னொரு லைன்ல இன்சுலின். ஒண்ணு ஏத்துது, ஒண்ணு எறக்குது. எங்கம்மா என்ன ராட்டினமா? கேஸ் ஊசி போட வந்தா ஐ.சி.யூ.ன்றீங்க. நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கேன். எடுங்க வண்டிய, வேற ஆஸ்பத்திரி பாத்துக்கிறோம்."

கூட்டம் கூடிவிட்டது. கால் முறிந்தவர்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதிலுக்குக் கத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன், குரலுக்கு எனக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் அவர் அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றியிருப்பார். அடுத்த ஆஸ்பத்திரியிலும் 168-ஐப் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். சாயந்தரக் கூட்டத்தில் எங்காவது ஒரு கடை வாசலில் அவர் மூச்சு நின்றிருக்கும்.

மகனோடு பேசுவதை நிறுத்தினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உடம்பு அவருடையது. விரதமும் அவருடையது. அதுவரை நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

"அம்மா, ஆயிரம் இலைக்குச் சமைக்கிறீங்கள்ல. அடுப்பைக் கூட்டு, குறைன்னு யார் சொல்றது?"

"நாந்தேன்... வேற யாரு?"

"நீங்க இல்லாம அடுப்பு பாட்டுக்கு எரிஞ்சா?"

"அண்டா அடிப்பிடிக்கும்... பெறகு கொட்டாயே... பத்திக்கிரும்."

"உங்க கல்லீரல் இப்ப அப்படித்தாம்மா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. விரதம் இருந்தா எல்லாருக்கும் அந்த அடுப்பு எரியும், சிம்ல எரியும். இன்சுலின்தான் அங்க உங்களை மாதிரி நின்னு குறைடான்னு சொல்ற ஆளு. அந்த ஆளை இந்த மாத்திரை வீட்டுக்கு அனுப்பிருச்சு. நான் அந்த ஆளைத் திரும்பக் கூட்டிட்டு வரணும். ஆனா அவர் வந்தா இருக்கிற கொஞ்சச் சர்க்கரையையும் காலி பண்ணிருவார். அதுக்குத்தான் கூடவே சர்க்கரை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மகன் வாயைத் திறந்தார். அம்மா காப்புக் கட்டிய கையைத் தூக்கினார். மகன் வாய் மூடிக்கொண்டது.

"தம்பி... அந்தத் தண்ணி... விரதத்தைக் கலைச்சிருமா?"

நிஜமாகச் சொல்கிறேன், 'கலைக்காதும்மா' என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. நாளைக்கே யாராவது, அது கலைந்த விரதம்தான் என்று சொல்லுவார்கள். அதன் பிறகு இந்த அம்மா எந்த டாக்டரையும் நம்ப மாட்டார்.

"சாமி கணக்கு எனக்குத் தெரியாதும்மா. அது சர்க்கரைதான். வாய் வழியாப் போகல, அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும். ஆனா இதை ஏத்தலைன்னா சாயந்தரம் சம்ஹாரத்தைப் பாக்க நீங்க இருக்க மாட்டீங்க. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"பந்தி நடக்கைல... அடுப்புல தீப்பிடிச்சா... பாயசம் என்னாச்சுண்டு கேப்பனாடா? சிலிண்டரை மூடுவேன்ல. கைய எடுறா."

மகன் ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, அதை எழுதி உங்களை அறுக்க மாட்டேன். விடாமல் பக்கத்தில் நின்றேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாயந்தரம் சன்னதித் தெருவில் சூரன் தலையைத் திருப்பிய நேரத்தில் அந்த அம்மா ஐ.சி.யூ. கட்டிலில் மகனின் செல்போனில் லைவ் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒரு கையால் ட்ரிப்பைச் சரிசெய்துகொண்டே இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை, அம்மாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு இறங்கியிருந்தது. "போனை நேராப் புடிடா, கை நடுங்குது பாரு, சூரனும் சேந்து ஆடுறான்" என்று ஒரே மூச்சில் மகனைத் திட்டினார். முழு வாக்கியம், நடுவில் ஒரு நிறுத்தம்கூட இல்லை. எந்த மெடலும் எனக்கு அதற்கு ஈடில்லை.

மறுநாள் அமிலம் அடங்கி, சாப்பிடலாம் என்றதும் கேன்டீன் இட்லி வந்தது. ஒரு விள்ளல் வாயில் வைத்தார்.

"இதை எவன் அவிச்சது? உளுந்தைக் கண்ணுலயாவது காமிச்சானா?"

கேஸ் ஷீட்டில் 'நோயாளி தேறிவிட்டார்' என்று அப்போதுதான் மனநிறைவோடு எழுதினேன். சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டினார். "168-ஐ நம்பாம மூச்சைப் பாத்திருக்க" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் அளவுக்கு அது பாராட்டு விழா.

டிஸ்சார்ஜ் அன்று மகனை உட்காரவைத்துப் பேசினேன். விரதமோ, வாந்தியோ, ஆபரேஷனோ, சாப்பாடு நிற்கப்போகிறது என்றால் அந்த மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றேன். அது நல்ல மாத்திரைதான், எத்தனையோ பேரின் இதயத்தையும் கிட்னியையும் காப்பாற்றுகிறது, நேரம் தெரிந்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். காதில் ஏறியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் தெரிந்தது. இந்த வருடச் சஷ்டிக்குக் காப்புக் கட்டும் நேரம். என் அப்பாவுக்கும் அதே ரக மாத்திரைதான், தீர்ந்துபோயிருந்தது. வேண்டுமென்றே அவர் கடைக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கடையில் கூட்டம்.

"யாருக்கு?"

"அப்பாவுக்குண்ணே."

"விரதம் இருக்காரா?"

எங்கப்பா விரதம் இருப்பதாவது. காலையில்தான் நாலாவது பூரிக்குக் கை நீட்டினார். இருந்தாலும் ஆளைச் சோதிக்க ஆசை.

"ஆமாண்ணே. கோயில்லயே தங்குறாரு."

அட்டையை எடுத்த கை அப்படியே அதைத் திரும்ப உள்ளே வைத்தது.

"அப்பக் கெடையாது. போயி டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வா."

"சுகர் நார்மலாத்தாண்ணே இருக்கு."

"நார்மலா இருக்குண்டுதேன் நானும் ஆடுனேன் மாப்ள. சுகர் நார்மலா இருக்கும், உள்ள அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். உனக்குத் தெரியாது. வெவாதம் பண்ணாத. எங்க போறதுண்டு தெரியலைன்னா பசுமலை ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க கேஷுவாலிட்டில ஒரு சின்னப் பய இருக்கான். வாய் கொஞ்சம் நீளம். ஆனா மூச்சைப் பாத்தே சொல்லிருவான்."

எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடமும் அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தபடி, "சரிண்ணே, கேட்டுட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்தேன். அப்பாவுக்கு மாத்திரையை வேறு கடையில்தான் வாங்கினேன்.

அந்தச் சின்னப் பயல் கிளம்புகிறான். அவர் தொடர்ந்து ஆட்களை அனுப்பிக்கொண்டுதான் இருப்பார். அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் உங்களிடம் வருவார்கள். சுகர் நார்மலாகத்தான் இருக்கும். நீங்கள் மூச்சைப் பாருங்கள்.